மாத்திரையைத் தொடங்குவதா, வேண்டாமா? மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு ஹார்மோன் சிகிச்சை

ரேடியேஷன் முடிந்த கடைசி நாள், அக்காவின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அதில் ஒரே ஒரு மாத்திரை. லெட்ரோசோல் 2.5, 0-0-1, ஐந்து வருடம். ஆபரேஷனுக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பேசிய இடத்தில், ஐந்து வருடம் சாப்பிட வேண்டிய மருந்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேச ஆள் இல்லை. கோபிக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா அந்தச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். "கட்டியை எடுத்தாச்சு, கரண்டும் வெச்சாச்சு. அப்புறம் எதுக்கு கண்ணு ஹார்மோனு?" என்றாள்.

நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

அக்காவுக்கு 49 வயது. கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் கரும்பும் மஞ்சளுமாக நாலு ஏக்கர் தோட்டம், இரண்டு கறவை. கட்டி 1.8 சென்டிமீட்டர். அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) எதற்கும் பரவவில்லை. கீமோ தேவைப்படவில்லை. மாத்திரை வாங்கி வந்த அன்று ராத்திரியே ஒறம்பரையில் ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார்கள். கர்ப்பப்பையில் கேன்சர் வரும், எலும்பு உளுத்துப்போகும், ரத்தம் கட்டிக்கொள்ளும், மீசை முளைக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அட்டை பிரிக்கப்படாமல் மூன்று வாரம் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அந்த மூன்று வாரத்தில் படித்ததையும், கோயம்புத்தூரில் இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டதையும், அதற்கப்புறம் கண்ணால் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். இதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெசனப்பட்டுக்கொண்டிருக்கிற யாருக்காவது பயன்படட்டும்.

முதலில் அந்தப் பெயர். எங்கள் பக்கம் ஹார்மோன் என்றாலே கோழிப் பண்ணைதான் நினைவுக்கு வரும். பல்லடத்துக் கறிக்கோழி நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறுவது ஹார்மோன் ஊசியால்தான் என்று வீட்டுக்கு வீடு நம்புகிறார்கள். உண்மையில் இனத் தேர்வும் தீவனமும்தான் அதற்குக் காரணம். ஆனாலும் அந்தப் பயம் மனசில் உட்கார்ந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சையிலோ ஹார்மோன் கொடுப்பதே கிடையாது. உடம்பில் ஏற்கெனவே இருக்கிற ஈஸ்ட்ரோஜெனைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. மாதவிடாய் நின்ற பிறகு உடம்புச் சூட்டுக்காகக் கொடுக்கிற ஹார்மோன் மாத்திரை முற்றிலும் வேறு. அதில் ஈஸ்ட்ரோஜெனே மருந்து. 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தபோது, ஹார்மோன் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று பரவிய பயம் அந்த மாத்திரையைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பாதிப் பேர் அக்காவைப் பயமுறுத்தினார்கள்.

அக்காவின் கேள்விக்கு இரண்டாவது டாக்டர் தோட்டத்தை வைத்தே பதில் சொன்னார். கோரையைப் பிடுங்கிவிட்டோம் என்று நினைப்போம், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், தண்ணீர் பாய்ந்ததும் முளைத்துவிடும். ஆபரேஷனும் ரேடியேஷனும் மார்பில் இருந்ததை எடுத்துவிட்டன. ஆனால் கட்டி இருந்த காலத்திலேயே ரத்தத்தோடு போய் எலும்பிலோ ஈரலிலோ உட்கார்ந்த ஒன்றிரண்டு செல்கள் எந்த ஸ்கேனிலும் தெரியாது. அவற்றுக்குத் தண்ணீர் ஈஸ்ட்ரோஜென். ஐந்து வருடம் அந்தத் தண்ணீரை நிறுத்துவதுதான் சிகிச்சை.

எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் இது பொருந்தாது. பயாப்சித் துண்டில் செய்கிற ஐஎச்சி ரிப்போர்ட்டில் ஈஆர் (ஈஸ்ட்ரோஜென் ஏற்பி), பிஆர் (புரொஜெஸ்டிரோன் ஏற்பி) என்று இரண்டு வரி இருக்கும். ஈஸ்ட்ரோஜெனை வாங்கிக்கொள்கிற ஏற்பி நூற்றில் ஒரு செல்லில் இருந்தாலே பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். ஒன்றிலிருந்து பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பலன் எவ்வளவு என்பதை டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஈஆர் நெகட்டிவ் என்றால் இந்த மாத்திரையால் பலன் இல்லை. அக்காவுக்கு ஈஆர் 90 சதவீதம். அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்காமல் தொடங்குவதா வேண்டாமா என்று பேசவே கூடாது.

சரி, சாப்பிடாமல் விட்டால் என்ன ஆகும்?

இதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. இதே சிகிச்சையின் பழைய மாத்திரையான டமாக்சிஃபென் பற்றி உலகம் முழுவதும் நடந்த 20 சோதனைகளை, 21,000க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்த கூட்டாய்வு 2011இல் லான்செட் இதழில் வந்தது. ஈஆர் பாசிட்டிவ் பெண்களில், மாத்திரை சாப்பிடாத நூறு பேரில் 33 பேர் பதினைந்து ஆண்டுக்குள் இந்த நோயால் இறந்தார்கள். ஐந்து வருடம் சாப்பிட்ட நூறு பேரில் 24 பேர். மாத்திரையை நிறுத்திப் பத்து வருடம் ஆன பிறகும் இந்த வித்தியாசம் குறையவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஐந்து வருடம் பாய்ச்சாமல் விட்டதற்குப் பதினைந்து வருடம் பலன்.

ஆனால் அந்த 33ஐப் பார்த்து எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. அவை பழைய சோதனைகள், அதில் பெரிய கட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மாத்திரை ஆபத்தைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பதுதான் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. உங்கள் ஆபத்து நூற்றுக்கு முப்பது என்றால் அது இருபதாகும். நூற்றுக்கு ஆறு என்றால் நாலாகும். பத்துப் பேர் தப்புவதும் இரண்டு பேர் தப்புவதும் ஒரே "மூன்றில் ஒரு பங்கு"தான். ஆனால் பக்க விளைவைச் சகித்துக்கொள்ள அது போதுமா என்கிற முடிவு இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்காது. அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எனக்கு நூற்றுக்கு எத்தனை?" கேம்பிரிட்ஜில் உருவாக்கிய பிரெடிக்ட் என்ற இலவசக் கணக்கி இருக்கிறது. வயது, கட்டியின் அளவு, நெறி, ஈஆர் எல்லாம் போட்டால் மாத்திரையோடும் மாத்திரை இல்லாமலும் என்ன வரும் என்று காட்டும். டாக்டரே எங்கள் முன்னால் திரையில் போட்டுக் காட்டினார்.

சின்னக் கட்டிதானே, பரவவில்லையே என்று அக்கா அங்கேயே நின்றாள். அதற்கு அவர் சொன்னது 2017இல் வந்த இன்னொரு கூட்டாய்வு. ஐந்து வருட மாத்திரையை முடித்து அதுவரை நோயே இல்லாமல் இருந்தவர்களில்கூட, கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்து நெறிக்குப் பரவாதவர்களில் 13 சதவீதம் பேருக்கு அடுத்த பதினைந்து ஆண்டில் வேறு உறுப்பில் திரும்பியிருக்கிறது. ஈஆர் பாசிட்டிவ் நோய் அவசரப்படாது. மெதுவாக, பல வருடம் கழித்து வரும். சின்னக் கட்டி என்றால் ஆபத்து குறைவு என்று சொல்லலாம், இல்லை என்று சொல்ல முடியாது.

சாப்பிடாமல் விடுவது எப்போது நியாயம்? எண்பது வயதைத் தாண்டி, இதயமும் கிட்னியும் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருக்க, கட்டி அரை சென்டிமீட்டர் என்றால், சாப்பிடாதிருப்பதை டாக்டர்களே ஒரு வழியாகச் சொல்வார்கள். பால் நாளத்துக்குள்ளேயே அடங்கிய டிசிஐஎஸ் நிலையிலும் அப்படித்தான். அங்கே மாத்திரை புதிதாக வருவதைக் குறைக்கிறது, ஆயுளைக் கூட்டுவதாகக் காட்டப்படவில்லை. இவர்கள் வேண்டாம் என்று முடிவு செய்தால் அது அறியாமை ஆகாது. மற்றவர்கள் ஒறம்பரையின் போனைக் கேட்டு விடுவது வேறு.

இனி எந்த மாத்திரை என்ற கேள்வி. எங்கள் வீட்டில் இங்கேதான் பெரிய தப்பு நடக்க இருந்தது.

மறுபடி தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜென் ஓவரியிலிருந்து வருகிறது. அதைப் பவானிசாகர் அணை என்று வைத்துக்கொள்வோம். மாதவிடாய் நின்றதும் அணை மூடிவிடுகிறது. ஆனால் காட்டுக்குக் காடு கிணறு இருக்கிற மாதிரி, கொழுப்பிலும் தசையிலும் அரோமடேஸ் என்ற நொதி கொஞ்சம் கொஞ்சமாக ஈஸ்ட்ரோஜென் செய்துகொண்டே இருக்கும். டமாக்சிஃபென் உங்கள் வயலின் மடையை அடைக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் கட்டிச் செல்லுக்குள் போகாது. அதனால் மாதவிடாய் நின்றவர், நிற்காதவர் இருவருக்கும் வேலை செய்யும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸெமெஸ்டேன் மூன்றும் கிணற்றை மூடுகிறவை. அணை திறந்திருக்கும்போது கிணற்றை மூடி என்ன பிரயோசனம்? அதைவிட மோசம், ஓவரி வேலை செய்கிற பெண்ணுக்கு லெட்ரோசோல் ஓவரியைத் தூண்டிவிடும். குழந்தைப்பேறு மையங்களில் கருமுட்டை வளர்வதற்குக் கொடுக்கிறார்களே, அதே லெட்ரோசோல்தான்.

அக்காவுக்கு 41 வயதில் பெரும்பாடு வந்து கர்ப்பப்பையை எடுத்தாச்சு. எங்கள் பக்கம் நாற்பதை ஒட்டிய வயதில் கர்ப்பப்பை எடுத்த பெண்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். முதல் ஆஸ்பத்திரியில் "தீட்டு வருதா?" என்று கேட்டார்கள், அக்கா "எட்டு வருசமா இல்லைங்க" என்றாள், மாதவிடாய் நின்றவர் என்று எழுதிக்கொண்டார்கள். இரண்டாவது டாக்டர் கேட்டது வேறு கேள்வி. "கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாங்களா, ஓவரியையும் சேர்த்தா?" எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மாமாதான் வீட்டுக்குப் போய் அட்டாலியில் ஏறி, பத்திரம் வைத்திருக்கிற தகரப் பெட்டியைப் பிரித்து, சாயம் போன டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்தார். ஓவரி இரண்டும் விடப்பட்டிருந்தன. ஓவரி வேலை செய்கிறதா என்று காட்டும் எஸ்ட்ரடையால், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களையும் ரத்தத்தில் பார்த்தார்கள். ஓவரி முழுதாக வேலை செய்துகொண்டிருந்தது.

அந்த லெட்ரோசோலை அக்கா அப்படியே ஐந்து வருடம் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பக்க விளைவைப் பற்றி ஊரே பேசியது. மருந்து வேலை செய்யுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கர்ப்பப்பை எடுத்த பெண்ணுக்கு 55 வயதுக்குள் லெட்ரோசோலோ அனஸ்ட்ரோசோலோ எழுதினால், ஓவரி இருக்கிறதா என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கீமோவால் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சில மாதம் கழித்து ஓவரி திரும்ப விழித்துக்கொள்வது உண்டு.

ஆக அக்காவுக்கு முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். டமாக்சிஃபென் மட்டும், இல்லையென்றால் ஓவரியை நிறுத்திவிட்டு அதோடு லெட்ரோசோல் மாதிரி அரோமடேஸைத் தடுக்கிற மாத்திரை (சுருக்கமாக அரோமடேஸ் மாத்திரை).

டமாக்சிஃபென் தினம் ஒன்று, 20 மில்லிகிராம். அதன் பெரிய பயம் கர்ப்பப்பைப் புற்றுநோய். அந்தப் பயம் பொய் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் 55 வயதைத் தாண்டி மாத்திரை தொடங்கியவர்களுக்கு. அவர்களில் பதினைந்து ஆண்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு மாத்திரையால் கூடுதலாக வந்திருக்கிறது. அதற்குக் கீழ் வயதில் கூடுதல் மிகக் குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றே காட்டிவிட்டால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். அக்காவுக்குக் கர்ப்பப்பையே இல்லை. ஒறம்பரை எல்லோரும் சொன்ன பெரிய பூதம் அவளுக்கு இல்லவே இல்லை. இதை டாக்டர் சொன்னபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது ரத்தக்கட்டு. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு டமாக்சிஃபென் பொதுவாக வேண்டாம் என்பார்கள். வேறு ஆபரேஷன் ஏதாவது வந்தால் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். கண்ணில் புரை கொஞ்சம் சீக்கிரம் வரலாம். மீசையைப் பற்றி அக்காவே கேட்டாள். "ஏனுங்க டாக்டர், முகத்துல முடி வருங்களா?" இது ஆண் ஹார்மோன் கொடுக்கிற மருந்தில்லை, அந்தக் கவலை வேண்டாம் என்றார்.

அவளுக்கு வந்தது உடம்புச் சூடு. மூன்றாவது வாரத்திலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு மார்பிலிருந்து கழுத்து வழியாக நெருப்பு ஏறுகிற மாதிரி வரும். ரவிக்கை நனைந்துவிடும். ஈரத்துண்டைப் பிடரியில் போட்டுக்கொண்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். ஐந்து நிமிடத்தில் அடங்கிக் குளிர் எடுக்கும். சித்திரையில் அது பெரும் சித்திரவதை. இதற்கு மருந்து இருக்கிறது. வென்லஃபாக்சின் குறைந்த அளவில் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பரோக்செடின், ஃபுளூவோக்செடின் இரண்டும், டமாக்சிஃபெனை வேலை செய்கிற மருந்தாக ஈரல் மாற்றுவதைத் தடுத்துவிடும். வேறொரு டாக்டர் தெரியாமல் எழுதிவிடக் கூடும். அக்கா மருந்து வேண்டாம் என்று சமாளித்தாள். ஐந்தாவது மாதம் பாதியாகக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

குழந்தை பெற நினைக்கிற இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. டமாக்சிஃபென் சாப்பிடும்போது கர்ப்பம் கூடாது. ஆனால் 2023இல் வந்த பாசிட்டிவ் என்ற ஆய்வில், ஒன்றரையிலிருந்து இரண்டரை வருடம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, கர்ப்பத்துக்காக இரண்டு வருடம் வரை நிறுத்திய பெண்களுக்கு முதல் மூன்றாண்டில் நோய் திரும்புவது கூடவில்லை. குழந்தைக்காகச் சிகிச்சையையே வேண்டாம் என்று விட வேண்டிய கட்டாயம் இல்லை.

மாதவிடாய் உண்மையாகவே நின்றவர்களுக்கு அரோமடேஸ் மாத்திரைதான் ஒரு படி மேல். 2015இல் வந்த கூட்டாய்வில் பத்தாண்டில் நோயால் இறந்தவர்கள் டமாக்சிஃபென் பக்கம் நூற்றுக்கு 14.2, இந்தப் பக்கம் 12.1. கர்ப்பப்பைப் புற்றுநோய் 1.2க்குப் பதில் 0.4. ஆனால் ஐந்தாண்டில் எலும்பு முறிவு 5.5க்குப் பதில் 8.2. மூட்டு வலியைப் பற்றி எண்ணில் சொல்வதைவிட நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ரேடியேஷனுக்கு எங்களோடு ஒரே பஸ்ஸில் வந்துபோன ஒரு பெரியம்மா. 63 வயது, நெறி மூன்றில் பரவியிருந்தது. அவருக்கு லெட்ரோசோல் சரியான மருந்து. மூன்றாவது மாதம் ஒரு நாள் விடிகாலை அவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தொண்டுப்பட்டியில் எருமைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். போசியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கட்டைவிரல் மடங்காததால் இரண்டு கையையும் ஒரே காம்பில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். கால்மணி நேர வேலை முக்கால் மணி ஆனது. சொசைட்டி வண்டி போய்விட்டது. "வெந்நீர்ல கையை வெச்சாத்தான் அம்மிணி விரல் பிரியுது" என்றார். வெயில் ஏற ஏறச் சரியாகிவிடும். மறுநாள் விடிந்தால் மறுபடி அதே கதை.

இதெல்லாம் வயசு வலி என்று சொல்பவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அனஸ்ட்ரோசோலையும் மருந்தில்லாத போலி மாத்திரையையும் ஒப்பிட்ட ஐபிஸ் இரண்டு என்ற ஆய்வில், மருந்து சாப்பிட்டவர்களில் 64 சதவீதம் பேர் மூட்டு, தசை வலி சொன்னார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 58 சதவீதம். ஆக வலி முழுவதையும் மாத்திரை தலையில் கட்ட முடியாது. அதற்காக அந்தப் பெரியம்மாவின் கட்டைவிரலை இல்லை என்றும் சொல்ல முடியாது. பால் கறந்து பிழைக்கிறவருக்கு அது வருமானம்.

அவர் செய்த தப்பு, யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்தியது. டாக்டர் திட்டுவார் என்ற பயம். மருமகள் பிரிக்காத அட்டைகளைப் பார்த்து அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் திட்டவில்லை. எக்ஸெமெஸ்டேனுக்கு மாற்றினார். அரோமடேஸ் மாத்திரை மூன்றில் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அதுவும் முடியாவிட்டால் டமாக்சிஃபென் இருக்கிறது. தினம் அரைமணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார். காட்டு வேலையே செய்கிறேனே என்றதற்கு, குனிந்து களை எடுப்பது வேறு, மூச்சு வாங்க நடப்பது வேறு என்றார். வாரம் 150 நிமிடம் இப்படி நடையும் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்த பெண்களுக்கு இந்த மாத்திரையின் மூட்டு வலி சுமார் 30 சதவீதம் குறைந்தது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2015இல் காட்டியிருக்கிறது. பெரியம்மா இப்போது வாய்க்கால் கரையில் நடக்கிறார். வலி இருக்கிறது, கை மடங்குகிறது, எருமை இருக்கிறது.

எலும்புக்கு, தொடங்கும் முன்பே எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்சா ஸ்கேன் எடுக்க வேண்டும். அதில் வரும் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புத் தேய்வு. பெரியம்மாவுக்கு மைனஸ் 1.8. நாளெல்லாம் வெயிலில் நிற்பவருக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று வீட்டில் ஆச்சரியப்பட்டார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலைக்குத் துண்டு, வெயில் தோலில் படுவதே இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். ராகிக் களியை விடவேண்டாம் என்றார்கள், நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோலட்ரானிக் ஆசிட் ஊசி போட்டால் எலும்பும் நிற்கிறது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நோய் எலும்பில் திரும்புவதும் குறைகிறது. ஊசிக்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

அக்காவுக்கு முன்னால் இருந்த இரண்டாவது வழி, ஓவரியை நிறுத்துவது. 28 நாளைக்கு ஒருமுறை வயிற்றில் போடும் கோசரலின் ஊசி, அல்லது லேப்ராஸ்கோப்பியில் ஓவரியை எடுத்துவிடுவது. உண்மையில் ஹார்மோன் சிகிச்சையே இங்கிருந்துதான் பிறந்தது. கிளாஸ்கோவில் பீட்சன் என்ற சர்ஜன் ஓவரியை எடுத்து, முற்றிய மார்பகப் புற்றுநோய் சுருங்கியதை 1896இல் எழுதினார். 35 வயதுக்கு உட்பட்டவர்கள், கீமோ தேவைப்பட்டவர்கள், நெறியில் பரவியவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அக்காவுக்கு இது தேவையா என்பதற்கு சாஃப்ட் என்ற ஆய்வு உதவியது. கீமோ தேவைப்படாத பெண்கள் டமாக்சிஃபென் மட்டும் சாப்பிட்டே ஐந்தாண்டில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் நோய் திரும்பாமல் இருந்தார்கள். அந்த நிலைமைக்கு ஓவரியையும் நிறுத்தி, ஒரே நாளில் முழுச் சூட்டையும் எலும்புத் தேய்வையும் இழுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம் என்று அக்காவும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. செலவும் ஒரு காரணம். டமாக்சிஃபென் மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கிறது. ஊசி ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் வரும். தேவைப்படுகிறவர்கள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரிக் கவுன்டரில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஈரோட்டுக்காரர்கள் என்பதால் மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "நம்ம மஞ்சள்லயே மருந்து இருக்கு, எதுக்கு இங்கிலீஷ் மாத்திரை" என்று சொல்லாத ஆள் இல்லை. மஞ்சள் விளைவித்துப் பிழைக்கிற குடும்பம்தான் நாங்கள். அதன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 2019இல் நெதர்லாந்திலிருந்து வந்த சிறிய ஆய்வு ஒன்றில், டமாக்சிஃபெனோடு குர்குமின் மாத்திரையும் மிளகுச் சத்தும் சேர்த்துச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் வேலை செய்கிற மருந்தின் அளவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. குழம்பில் போடுகிற மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். டப்பாவில் விற்கிற குர்குமின் மாத்திரையை டாக்டரிடம் சொல்லாமல் சேர்க்க வேண்டாம். அக்காவுக்கு யாரோ அன்போடு வாங்கிக் கொடுத்த இரண்டு டப்பா இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அக்காவை டமாக்சிஃபென் அட்டையைப் பிரிக்க வைத்தது எந்த எண்ணும் இல்லை. டாக்டர் ஒரு தாளை மூன்று பகுதியாகப் பிரித்தார். முதல் பகுதியில் சூடு, மூட்டு வலி, தூக்கமின்மை, பெண்ணுறுப்பு வறட்சி, எரிச்சல். இவை வரலாம், வந்தால் உங்களுக்கே தெரியும், பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தினால் போய்விடும். இரண்டாவதில் ரத்தக்கட்டு, எலும்பு முறிவு, கர்ப்பப்பை. அபூர்வம், ஆனால் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டியவை. மூன்றாவதில் ஒன்றே ஒன்று. நோய் எலும்பிலோ ஈரலிலோ திரும்புவது. வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வராது. வந்த பிறகு கட்டுப்படுத்தலாம், முழுதாகக் குணப்படுத்த முடியாது. "ஐந்து வருடத்துக்கு இப்போது சம்மதம் சொல்ல வேண்டாம். மூன்று மாதம் சாப்பிடுங்கள். முடியாவிட்டால் வந்து சொல்லுங்கள், மாற்றுவோம். சொல்லாமல் மட்டும் நிறுத்தாதீர்கள்" என்றார்.

மூன்று மாதம் என்றதும் அக்காவுக்குப் பாரம் இறங்கிவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் மாத்திரை போட்டாள். வறட்சியைப் பற்றி அவள் வாயைத் திறக்க ஒன்பது மாதம் ஆனது. மாமாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள். ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல் எழுதிக் கொடுத்தார்கள், ஒரு மாதத்தில் தேவலை ஆனது. இதையும் டாக்டரிடம் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. வருகிற தை மாதம், மஞ்சள் வெட்டு தொடங்குவதற்கு முன்னால், மறுபடி எஸ்ட்ரடையால் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓவரி நின்றது உறுதியானால் லெட்ரோசோல் பேச்சு மறுபடி வரும், அதற்கு முன் டெக்சா எடுக்க வேண்டும். பெரியம்மாவின் கையைப் பார்த்திருப்பதால் அக்கா இப்போதே சொல்லிவிட்டாள். "மாத்துனா மாத்தட்டும். கறக்கற கை மடங்காமப் போச்சுன்னா அன்னைக்கே போன் போட்டுருவேன்."